வேலை முடிந்தது, பணம் வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

சுயமாகத் தொழில் செய்யும் ஓவியர்கள், புகைப்படக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோர் தங்கள் கட்டணத்தைப் பெறுவதில் சந்திக்கும் சிக்கல்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் கணிசமானவை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை என்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: பதாகை, அழைப்பிதழ், துண்டறிக்கை ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே வடிவமைத்துக் கொடுக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு மூன்று ஆண்டுகளாக எல்லா வடிவமைப்பும் நான்தான் செய்கிறேன். கட்டணம் என்று பேச்செடுத்தாலே, ‘அம்மன் காரியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமாம்மா?’ என்கிறார்கள். தலைவர் என் பெரியப்பாவின் நெருங்கிய நண்பர். மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?

பதில்: அதே திருவிழாவில் பந்தல் போட்டவருக்கும், நாதஸ்வரக் குழுவினருக்கும், நீங்கள் வடிவமைத்த பதாகையை அச்சடித்த கடைக்காரருக்கும் பணம் கொடுத்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் அம்மன் பெயரைச் சொல்லிக் கணக்கை மறக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். லாரியில் வந்து இறங்கும் பொருளுக்கு விலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரிகிறது. கைப்பேசியில் வந்து சேரும் கோப்புக்குப் பின்னால் இரண்டு மூன்று இரவு வேலை இருக்கிறது என்பது தெரிவதில்லை. இதைப் பெரும்பாலும் வஞ்சகம் என்று சொல்ல முடியாது. விலை இன்னது என்று எவரும் சொல்லாததால், விலையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடந்த ஆண்டுகளின் வேலைக்கு இப்போது பணம் கேட்காதீர்கள். ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகளாக ஒரு ரசீதும் அனுப்பாமல் செய்து கொடுத்துவிட்டு, இலவசமாகச் செய்யும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை என்று இப்போது சொன்னால் அதை நிறுவுவது கடினம். அப்படியே நிறுவ முடிந்தாலும், ஊர்க் கோயிலின் மீது வழக்குப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் நிர்வாகக் குழு வரவு செலவுத் திட்டம் போட உட்காரும். அந்தக் கூட்டத்துக்கு முன்பாகச் செயலாளர் பெயருக்கு முறையான விலைப்புள்ளி ஒன்றை அனுப்புங்கள். பெரியப்பா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற கோயில் நிர்வாகம் என்றால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். பொருளாளருக்கு உறவினர் வாய்ச்சொல்லைவிட ஒரு தாள்தான் உதவும். கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் இருந்தால், அதையும் அந்தத் தாளிலேயே காட்டலாம்: மொத்தக் கட்டணம் 600 ரிங்கிட், அதில் உபயம் 300, கோயில் செலுத்த வேண்டியது 300. மற்ற உபயக்காரர்களின் பெயரை அழைப்பிதழில் போடுவதுபோல் உங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேளுங்கள். இலவசமாகவே செய்வது என்று நீங்கள் முடிவெடுத்தாலும் முழுத் தொகையை எழுதி, முழுவதும் உபயம் என்று கழித்துக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு குழு மாறும்போது உங்கள் வேலையின் விலை என்ன என்பது ஏட்டில் இருக்கும்.

எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். பதாகையில் யாருடைய படம் பெரிதாக வர வேண்டும் என்ற விவாதம் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை நீளும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு திருத்தம் கட்டணத்தில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று குறிப்பிட்டால் விவாதத்தை அவர்களே முடித்துக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றால் பெயர் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் விழும். செக்ரோலில் விழுந்த பெயருக்கு மாதம் பிறந்த ஏழாம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும். என் மகன் கோலாலம்பூரில் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து காணொளி தொகுத்துக் கொடுக்கிறான். நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால், ‘இந்தத் துறை அப்படித்தான் அப்பா’ என்கிறான். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, நீங்கள் குறிப்பிடும் அந்த ஏழு நாள் கணக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் உள்ளது. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்ற அந்த விதி, முதலாளியிடம் வேலைக்கு அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. ஒரு வேலையை ஒப்புக்கொண்டு தம் பொறுப்பில் முடித்துக் கொடுக்கும் சுயதொழிலருக்கு அது பொருந்தாது. ஆகவே, உங்கள் மகன் உண்மையில் எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைத் தாளில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அந்தச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 101சி பிரிவின்படி, எழுத்துப்பூர்வ வேலை ஒப்பந்தம் இல்லாத நிலையிலும் சில அடையாளங்கள் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் தொழிலாளி என்றே கொள்ளப்படுவார். வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் நிறுவனம் கட்டுப்படுத்துகிறதா, கணினியையும் கருவிகளையும் நிறுவனமே கொடுத்திருக்கிறதா, அவர் செய்யும் வேலை அந்த நிறுவனத்தின் தொழிலில் பிரிக்க முடியாத பகுதியா, குறிப்பிட்ட கால இடைவெளியில் வரும் அந்தப் பணமே அவருடைய வருமானத்தின் பெரும்பகுதியா என்பவை அத்தகைய அடையாளங்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, மாதத்துக்கு இவ்வளவு என்று உங்கள் மகனிடம் சொல்லியிருந்தால், சுயதொழிலர் என்பது நிறுவனம் தன் வசதிக்காகச் சூட்டிய பெயராக இருக்கக்கூடும். அப்படியானால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுப்பது பொருத்தமான வழிதான். மாறாக, பல நிறுவனங்களுக்கு, தம் கணினியில், தம் நேரத்தில் வேலை செய்பவர் என்றால் அவர் கேட்பது கடன் பாக்கி. அதற்கான வழியை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு இடைப்பட்ட வகையினருக்காகவே கிக் தொழிலாளர் (நிரந்தர வேலையில் அமராமல் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்) சட்ட மசோதாவை மக்களவை 2025 ஆகஸ்ட் 28 அன்று நிறைவேற்றியது. உணவு கொண்டு செல்பவர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கும் அந்தச் சட்டம், படைப்புத் துறைச் சேவைகள் சிலவற்றையும் உள்ளடக்குகிறது; தகராறுகளை விசாரிக்கத் தனி நடுவர் மன்றத்துக்கும் வகை செய்கிறது. தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது காணொளித் தொகுப்பு அதன் பட்டியலில் எப்படி இடம்பெறுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டு வாருங்கள். உங்கள் மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நான்கு மாதப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஐந்தாம் மாத வேலையைத் தொடங்குவது பாக்கியைப் பெருக்குவதாகும். பழைய பணம் வரும் வரை புதிய கோப்பு இல்லை என்று மரியாதையாக எழுதினால் போதும். ‘துறை அப்படித்தான்’ என்பதைச் சாதாரணமாகப் பணம் கொடுக்க வேண்டியவர்தான் சொல்வார். வாங்க வேண்டியவரும் அதையே சொல்லத் தொடங்கியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கேள்வி: நான் திருமணப் புகைப்படக் கலைஞன். ஈப்போவில் ஒரு திருமணத்துக்கு 3,800 ரிங்கிட் பேசி, 800 முன்பணம் வாங்கினேன். படங்கள் அனைத்தையும் திருத்தி, இணைய இணைப்பு வழியாக அனுப்பிவிட்டேன். ‘அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறோம் அண்ணா’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள், இப்போது வரவேற்புப் படங்கள் இருட்டாக இருக்கின்றன, திருத்தாத மூலக் கோப்புகளைக் கொடுத்தால்தான் மீதி 3,000 ரிங்கிட் என்கிறார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவா, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகவா?

பதில்: இரண்டுமே உங்களுக்குப் பயன்படாது. பேசிய தொகையைக் கொடுக்காமல் இருப்பது சிவில் தகராறு. புகாரை எழுதிக்கொண்டாலும் காவல்துறை உங்களுக்காக வசூலித்துத் தராது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், பொருளையோ சேவையையோ தம் சொந்த உபயோகத்துக்காக வாங்கியவர் விற்றவர் மீது வழக்குத் தொடுக்கும் இடம். இந்த விவகாரத்தில் சேவையை விற்றவர் நீங்கள். படங்கள் சரியில்லை என்று அவர்கள் வேண்டுமானால் உங்களுக்கு எதிராக அங்கே போகலாம்.

உங்களுக்கு உரிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் கட்டளைப்படி, 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையைக் கோரும் தனிநபர் எவரும் அங்கே வழக்குத் தொடுக்கலாம். பொதுவாக இரு தரப்பினரும் வழக்கறிஞரை அமர்த்த முடியாது என்பதால், எதிர்த்தரப்பினர் பெரிய வக்கீலைக் கொண்டுவருவார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 198ஆம் எண் படிவத்தைத் தேசிய மொழியில் நிரப்பிப் பதிவகத்தில் கொடுக்க வேண்டும். அது எதிர்த்தரப்பினரிடம் சேர்ப்பிக்கப்பட்ட பிறகு, அவர்கள் 14 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். திருமணம் நடந்ததும் வாடிக்கையாளர் வசிப்பதும் ஈப்போ என்பதால் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போங்கள். உங்கள் தொழிலைத் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் இந்தக் கதவு திறக்காது. வழக்குத் தொடுப்பவர் தனிநபராக இருக்க வேண்டும் என்பது விதி.

ஒப்பந்தம் எழுதவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. வாய்மொழி ஒப்பந்தமும் நம் சட்டப்படி செல்லும்; நிரூபிப்பதுதான் சிரமம். உங்கள் விஷயத்தில் அந்தச் சிரமத்தையும் அவர்களே குறைத்திருக்கிறார்கள். ‘அடுத்த மாதம் கொடுத்துவிடுகிறோம்’ என்ற செய்தி, கடன் இருப்பதை ஒப்புக்கொள்ளும் செய்தி. அதை அனுப்பிய நாளில் படம் இருட்டு என்ற குறை எழவில்லை என்பதையும் நீதிபதி கவனிப்பார். அந்த உரையாடலை ஒன்றுவிடாமல், தேதியும் எண்ணும் தெரியும்படி படமெடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வந்த வங்கிக் குறிப்பு, கோப்புகளை அனுப்பிய நாள், அவர்கள் பதிவிறக்கம் செய்ததற்கான தடயம், அவர்களே முகநூலில் பகிர்ந்த உங்கள் படங்கள் ஆகியவையும் உதவும்.

நீதிமன்றத்துக்கு முன் ஒரு படி இருக்கிறது. செய்த வேலை, பேசிய தொகை, பெற்ற தொகை, மீதி, 14 நாள் கெடு, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகிய விவரங்களோடு ஒரு பக்கத்தில் கோரிக்கைக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் நகலை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வழக்கறிஞர் எழுத வேண்டிய அவசியமில்லை. கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். பின்னாளில் அதைப் படிக்கப் போகிறவர் நீதிபதி. அதே கடிதத்தில், இருட்டாக இருப்பதாகச் சொல்லும் படங்களைக் குறிப்பிட்டால் ஒருமுறை திருத்தித் தருவதாகவும் எழுதுங்கள். அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருந்தால் அது தீர்ந்துபோகும். பொய்யான சாக்கு என்றால் அதுவும் வெளிப்பட்டுவிடும். மூலக் கோப்புகள் தருவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், மீதித் தொகைக்கு அவற்றை நிபந்தனையாக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகிறது. ஆனால் இதுபோன்ற விவகாரங்களில் ஆறு மாதம் கடந்தாலே ஆதாரமும் ஊக்கமும் கரைந்துவிடும்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் பணம் தானாக வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுக்க மறுத்தால் பொருளைக் கைப்பற்றும் ஆணைக்கும், கடனாளியை நீதிமன்றத்துக்கு வரவழைத்து விசாரிப்பதற்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலோர் அந்தக் கட்டத்துக்கு முன்பே, சம்மன் கைக்கு வந்த உடனே, தவணையாகவாவது கொடுக்க முன்வருகிறார்கள்.

இனிமேல் நடக்கும் திருமணங்களுக்குப் பணம் வாங்கும் ஒழுங்கை மாற்றுங்கள். மண்டபக்காரர் சாவி கொடுக்கும் முன்பு வாங்கிவிடுகிறார். சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கும் முன்பு பெரும்பகுதியை வாங்கிவிடுகிறார். திருமணம் முடிந்த பிறகும் வேலை மிச்சமிருக்கிற உங்களுக்கு, மொய்ப் பணம் எல்லாக் கணக்கையும் தீர்த்த பின் மிஞ்சியது வருகிறது. தேதியைப் பதிவு செய்யும்போது பாதி, திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு பெரும்பங்கு, மிகச் சிறிய தொகை மட்டும் இறுதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயர் முத்திரையிட்ட சிறிய அளவுப் படங்களைக் காட்டி, கடைசித் தொகை வங்கியில் ஏறிய பிறகே பெரிய அளவுக் கோப்புகளை அனுப்புங்கள். ‘நம்ம பையன், நம்பலாம்’ என்ற இடத்தில்தான் இந்த ஒழுங்கு தளர்கிறது. முன்பின் தெரியாத சீன வாடிக்கையாளரிடம் தயங்காமல் முன்பணம் கேட்பவர், சொந்தத் தோட்டத்துக்காரரிடம் கேட்கக் கூசுகிறார்.

கேள்வி: சம்பால், மசாலைத் தூள் தயாரிக்கும் ஒருவருக்குப் போத்தல் ஒட்டுத்தாள் ஓவியம் வரைந்து கொடுத்தேன். 1,200 ரிங்கிட் பேசியது. ஒரு சென்கூட வரவில்லை. என் ஓவியத்தோடு பொருள் கடைகளில் விற்பனையாகிறது. பணம் வரவில்லை என்பதால் ஓவியம் இன்னும் எனக்குத்தானே சொந்தம்? கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தர முடியவில்லை. வேறு சில நாடுகளின் சட்டத்தை வைத்து இணையத்தில் எழுதப்படும் அறிவுரைகளைப் படித்து நம் ஓவியர்கள் பலரும் உங்களைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவில் வேறு விதமாகச் சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து கொடுக்கப்படும் படைப்பின் பதிப்புரிமை, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, செய்யச் சொன்னவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். அதாவது, நீங்கள் எதுவும் எழுதி வைக்காததால் ஓவியம் அவருக்கும், 1,200 ரிங்கிட் கடன் கோரிக்கை உங்களுக்கும் என்று ஆகியிருக்கிறது. ஆகவே, கடைகளுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன சிறு கோரிக்கை வழியில் பணத்தைக் கேளுங்கள். பேசிய விலைக்கு ஆதாரமும், விற்பனையில் இருக்கும் போத்தல் ஒன்றும் உங்கள் கையில் இருந்தால் போதுமானது. ஓவியத்தை வேறொருவர் பெயரில் வெளியிட்டாலோ, உங்கள் நற்பெயர் கெடும்படி சிதைத்தாலோ எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை 25ஆம் பிரிவின்படி உங்களிடம்தான் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வேலையை ஏற்கும் முன் ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்: ‘முழுத் தொகையும் என் கணக்கில் சேரும் வரை இந்தப் படைப்பின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும், ஏற்றுக்கொள்ளப்படாத மாதிரி ஓவியங்கள் எப்போதும் என்னுடையவை.’ சட்டம் இடம் கொடுத்திருக்கும் ‘வேறு விதமான ஒப்புதல்’ இதுதான். இந்த வாக்கியம் இருந்திருந்தால், கடையிலிருந்து எடுக்கச் சொல்லலாமா என்ற உங்கள் கேள்விக்கு ஆம் என்று எழுதியிருப்பேன். புகைப்படக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: வாடிக்கையாளரின் திருமணப் படத்தை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்கும் இதே போன்ற முன்னொப்புதல் தேவை.

கேள்வி: ஒரு நிறுவனம் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு ‘மாதிரி’ என்று சொல்லி ஒரு நூலின் முழு அத்தியாயத்தையும் மொழிபெயர்க்கச் சொன்னது. செய்து கொடுத்தேன், பதில் இல்லை. என் தோழிக்கு அதே நூலின் அடுத்த அத்தியாயம் ‘மாதிரி’யாக வந்திருக்கிறது. இது வழக்கம்தானா?

பதில்: வழக்கமாகிவிட்டது, நியாயமாகிவிடவில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரின் தரத்தை அறிய ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் கேட்பவரிடம், முதல் பக்கம் இலவசம், மீதிக்குச் சொல் கணக்கில் இன்ன கட்டணம் என்று பதில் எழுதுங்கள். உண்மையிலேயே ஆள் தேடுகிறவர் அதை ஏற்பார் அல்லது ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். நீங்களும் தோழியும் பெற்ற மின்னஞ்சல்களைச் சேர்த்து வையுங்கள். நூல் வெளிவந்து அதில் உங்கள் வரிகள் இருந்தால், முதல் பதிலில் குறிப்பிட்ட 71ஆம் பிரிவு உங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். வேலை கிடைக்கும் என்று செய்தீர்களே தவிர, தானமாகச் செய்யவில்லை.

கேள்வி: பணம் கொடுக்காதவரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போட்டால் உடனே கொடுத்துவிடுகிறார் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சில வேளைகளில் கொடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். மற்ற வேளைகளில் 2,000 ரிங்கிட் பாக்கிக்காகத் தொடங்கியது அவதூறு வழக்கில் போய் நிற்கும். எழுதியது உண்மை என்பது தற்காப்பாகும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில் விழும். ‘ஏமாற்றுக்காரன்’, ‘திருடன்’ போன்ற சொற்களை, வெறும் பாக்கி ஒன்றைக் காட்டி நிரூபிக்க முடியாது. பின்னூட்டத்தில் நண்பர்கள் சேர்க்கும் வசைகளும் உங்கள் பதிவின் கீழேதான் இருக்கும். அதே தொழிலில் இருக்கும் ஒருவர், இவரிடம் வேலை எடுக்கலாமா என்று உங்களைத் தனியாகக் கேட்டால், ‘இன்ன தேதியில் முடித்த வேலைக்கு இன்னும் பணம் வரவில்லை’ என்ற தகவலை மட்டும் சொல்லுங்கள். முன்பணம் முழுவதும் வாங்காமல் தொடங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.